குளோரைடு 82 என்று ரிப்போர்ட் வந்தால்: ஊசி குத்துவதில் இருந்து டிஸ்சார்ஜ் வரை

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சின்ன லேப்கள் பலவற்றில் 'எலக்ட்ரோலைட்ஸ்' (ரத்தத்தில் உள்ள உப்புகள்) என்று சீட்டு கொடுத்தால் மூன்று எண்கள்தான் கைக்கு வரும். சோடியம், பொட்டாசியம், குளோரைடு. ரத்தத்தின் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும். கேட்டு வாங்குங்கள். குளோரைடு ஏன் குறைந்தது என்பதற்கான விடையில் பாதி அந்த நான்காவது எண்ணில்தான் இருக்கிறது.

சாதாரண அளவு லிட்டருக்கு 96 முதல் 106 மில்லிமோல். லேபுக்கு லேப் ஒன்றிரண்டு கூடக் குறைய அச்சடித்திருப்பார்கள். 94, 95 என்று வந்து, மற்ற எண்கள் சரியாக இருந்து, ஆளும் தெம்பாக இருந்தால் பதற ஒன்றுமில்லை. 85க்குக் கீழே போனால் கூடவே வேறு ஏதோ கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். குளோரைடு தனியாகக் குறைவது அபூர்வம்.

முதலில் அந்த எண் நிஜமா என்று பார்க்க வேண்டும். குளுக்கோஸ் டிரிப் ஓடும் கையிலேயே ரத்தம் எடுத்தால் சோடியமும் குளோரைடும் சேர்ந்து விழும், சர்க்கரை எகிறி நிற்கும். மறு கையில் எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும். பென்னாகரம், அரூர் கிராமங்களில் எடுத்த ரத்தம் டவுனுக்கு வரும்போது இன்னொரு சிக்கல். சுழற்றிச் சீரத்தைப் பிரிக்காமல் டியூபை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தால் செல்லில் இருந்து பொட்டாசியம் கசிந்துவிடும். நிஜத்தில் 2.8 இருப்பவருக்கு 3.9 என்று வந்து எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள். டியூபை மூடாமல் வைத்தால் பைகார்பனேட் குறையும். ரத்தம் எடுக்கும்போது கையைத் திரும்பத் திரும்ப மூடித் திறக்கச் சொல்வதும் பொட்டாசியத்தை ஏற்றிக் காட்டும்.

எண் நிஜம்தான் என்றால், எந்த வழியாகப் போனது என்பது அடுத்த கேள்வி. சோடியம் 134, பொட்டாசியம் 2.9, குளோரைடு 82, பைகார்பனேட் 38 என்று ஒரு ரிப்போர்ட் இருந்தால், வாந்தியா, நீர் பிரியும் மாத்திரையா என்றுதான் முதலில் கேட்போம். வயிற்று அமிலம் என்பதே ஹைட்ரோகுளோரிக் அமிலம். வாந்தியில் அது வெளியேற, ரத்தத்தில் பைகார்பனேட் மிஞ்சுகிறது. அந்தப் பைகார்பனேட்டைச் சிறுநீரகம் கழித்துவிடலாமே என்றால், அதற்கு மாற்றாக உள்ளே இழுக்கக் குளோரைடு வேண்டும். அது இல்லாததால் பைகார்பனேட் அப்படியே தங்கிவிடுகிறது. பொட்டாசியமோ வாந்தியில் போவதைவிடச் சிறுநீரில்தான் அதிகம் போகிறது. இந்த நிலையில் 'வாயு' என்று ஆப்பசோடா (அதுவும் பைகார்பனேட்தான்) கலந்து குடிப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

வாந்தியின் நிறத்தையும் சொல்லுங்கள். பச்சையாக வந்தால் பித்தம் கலந்திருக்கிறது, அடைப்பு இருந்தால் அது இரைப்பைக்குக் கீழே. பித்தமே இல்லாமல், நேற்று சாப்பிட்டது இன்று அப்படியே வந்தால் இரைப்பையின் வெளிவாசலில் அடைப்பு இருக்கலாம். டிரிப் போட்டு எண்ணைச் சரிசெய்து அனுப்பினால் போதாது, எண்டோஸ்கோபி பார்த்தே ஆக வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் அட்டையைக் கொண்டுவராமல் 'வெள்ளையா, வட்டமா இருக்கும்' என்பார்கள். அட்டைதான் வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு பிபி மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல விஷயம். ஆனால் அதோடு தனியார் டாக்டர் எழுதியதையும் சேர்த்துப் போடுபவர்கள் உண்டு. டெல்மா ஹெச் மாதிரி பெயரின் கடைசியில் 'ஹெச்' இருந்தால் அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் பிரியும் மருந்து இருக்கிறது. லாசிக்ஸ் அதைவிட வீரியமானது. வாந்தி எடுக்கும் நாளிலும் இவற்றை விடாமல் போட்டால் சரிவு வேகமாகும். அதற்காக இதய நோயாளி லாசிக்ஸைத் தானாக நிறுத்திவிடவும் கூடாது. அன்றே டாக்டரைக் கேட்க வேண்டும்.

வேறு இரண்டு வழிகளில் கதையே வேறு. வருஷக்கணக்கில் பீடியோ விறகடுப்புப் புகையோ நுரையீரலைக் கெடுத்தவருக்கு ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும். அதைச் சமாளிக்கச் சிறுநீரகம் பைகார்பனேட்டைப் பிடித்து வைத்துக் குளோரைடை வெளியே விடும். இது உடம்பின் ஏற்பாடு. சலைனால் அது மாறாது, மூச்சுக்குத்தான் வைத்தியம். சோடியமும் குளோரைடும் ஒரே அளவில் இறங்கி, பைகார்பனேட் சரியாக இருந்தால் தண்ணீர் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். கல் குவாரி வெயிலில் வேலை செய்து உப்பில்லாமல் வெறும் தண்ணீராகக் குடித்தவர் முதல், மூளை, நுரையீரல் நோயால் உடம்பு தண்ணீரைத் தேக்குபவர் வரை இதில் வருவார்கள். பின்னவருக்குச் சலைன் சோடியத்தை இன்னும் இறக்கக்கூடும்.

வழி தெரியாதபோது கைகொடுப்பது சிறுநீர்க் குளோரைடு. சலைன் தொடங்கும் முன் பிடிக்க வேண்டும், நீர் பிரியும் மாத்திரை கடைசியாக எப்போது போட்டார் என்பதையும் எழுத வேண்டும். 20க்குக் கீழே என்றால் வாந்தி, அல்லது எப்போதோ நிறுத்திய மாத்திரை. இவர்களுக்குச் சலைன் கேட்கும். 40க்கு மேல் என்றால் சிறுநீரகமே வெளியே விடுகிறது. மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் பிடித்தாலும் இதே மாதிரி கூடுதலாகத்தான் வரும்.

வாந்திக்காரருக்கு வைத்தியம் நேரடியானது. நார்மல் சலைன் 500 மில்லி பாட்டிலில் 77 மில்லிமோல் குளோரைடு இருக்கிறது. பொட்டாசியம் குறைந்திருந்தால் பொட்டாசியம் குளோரைடு 10 மில்லி ஆம்பூல் ஒன்றை, அதாவது 20 மில்லிமோலை, பாட்டிலில் கலப்பார்கள். சாதாரண வார்டில் மணிக்கு 10 மில்லிமோலுக்கு மேல் ஓடக்கூடாது, ஆக அந்தப் பாட்டில் இறங்க இரண்டு மணி நேரமாவது ஆகும். இங்கேதான் வம்பு. கடைசி பஸ் போய்விடும் என்று கூட இருப்பவர் டிரிப்பின் சக்கரத்தைத் தள்ளி வேகப்படுத்துவார். பொட்டாசியம் கலந்த பாட்டிலில் அதைச் செய்தால் இதயம் நின்றுவிடலாம். கை எரிகிறது என்றால் நர்ஸைக் கூப்பிடுங்கள், சக்கரத்தைத் தொடாதீர்கள். சோடியமும் மிகவும் குறைந்திருந்தால், 24 மணி நேரத்தில் 8 முதல் 10க்கு மேல் ஏறவிட மாட்டார்கள். வேகமாக ஏறினால் மூளை நரம்புகள் பாதிக்கும். 'இன்னும் ஏன் ஏறல' என்று நச்சரிப்பதில் பயனில்லை.

விரல்கள் இழுத்துக்கொள்வது, பேச்சில் குழப்பம், வலிப்பு, படபடப்பு இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போய்விடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு உப்புப் போட்ட கஞ்சி, மோர் கலந்த கேழ்வரகுக் கூழ் போதும். ஒரு கிராம் உப்பில் 17 மில்லிமோல் குளோரைடு இருக்கிறது. ஓஆர்எஸ் கரைசலில் லிட்டருக்கு 65. இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், உப்புச்சத்து குறைவு, அதை மட்டும் நம்ப முடியாது. இதயம், கிட்னி நோய் உள்ளவர்கள் உப்பைக் கூட்டும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஊர்த் தண்ணீரின் ஃப்ளோரைடுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது பல்லையும் எலும்பையும் தாக்குவது.

ஒரு வாரத்தில் நான்கு எண்களையும் திரும்பப் பாருங்கள். வாந்தியும் இல்லை, மாத்திரையும் இல்லை, பிபியும் சாதாரணம், ஆனால் பொட்டாசியமும் குளோரைடும் மறுபடி இறங்குகின்றன என்றால், பழைய ரிப்போர்ட்டுகளோடு சிறுநீரக டாக்டரைப் பாருங்கள். உப்பைப் பிடித்து வைக்க முடியாத பரம்பரைக் கோளாறுகள் உண்டு, சிலருக்கு இருபது வயதுக்கு மேல்தான் தெரியவரும்.