குடத்துக்குக் கொடுக்கிற காசு

ராமநாதபுரம் மாவட்டத்தில் மானாவாரியை நம்பியிருக்கிற ஒரு கிராமத்தில் பல வருடம் ஊராட்சி செயலராக வேலை பார்த்தேன். ஒரு மே 1 கிராம சபையில் ஒரு அப்பத்தா எழுந்து, "தம்பி, சிலிண்டர் விலையைக் குறைக்கச் சொல்லி ஒரு தீர்மானம் எழுதுங்க" என்றார். எழுதினோம். ஆனால் சிலிண்டரும் எண்ணெயும் பருப்பும் என்ன விலைக்கு விற்கும் என்பது ஊராட்சி கையில் இல்லை என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஊராட்சி கையில் இருக்கிற செலவுகள் வேறு. அதைப் பற்றித்தான் சபையில் யாரும் கேட்பதில்லை, நாங்களும் எடுத்துச் சொல்வதில்லை.

முதலில் தண்ணீர். எங்கள் பக்கம் போர் போட்டால் பெரும்பாலும் உப்புதான். கூட்டுக் குடிநீர் வராத நாட்களில் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்கு நடப்பார்கள், இல்லையென்றால் டிராக்டரில் வருகிற தண்ணீரைக் குடம் பத்து ரூபாய், பன்னிரண்டு ரூபாய் என்று வாங்குவார்கள். தினம் மூன்று குடம் என்று வைத்தாலே மாதம் ஆயிரத்தைத் தொட்டுவிடும். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் வர ஆரம்பித்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. கோடையில் அந்த ஆயிரமும் அப்படியே தண்ணீருக்குப் போன வீடுகளையும் பார்த்தேன், மனசு கேட்கவில்லை.

மத்திய அரசு ஊராட்சிகளுக்குத் தந்த 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் என்று விதி இருந்தது. அதனால் உப்புத் தண்ணீரைக் குடிநீராக்குகிற ஆர்.ஓ. பிளான்ட் ஒன்றைச் சின்னதாக வைப்பதற்குப் பணம் கிடைத்துவிடும், அதை ஓட்டுவதற்குத்தான் கிடைக்காது. ஃபில்டர் அடைத்தால், மோட்டார் எரிந்தால் அதோடு பூட்டிவிடுவார்கள். நாங்கள் அதை மகளிர் குழுவிடம் ஒப்படைத்தோம். குடத்துக்கு மூன்று ரூபாய், அந்தக் காசு பிளான்ட் பராமரிப்புக்கு மட்டும். இலவசமாகத் தரவேண்டும் என்று சண்டை வந்தது, நியாயமான சண்டைதான், ஆனால் பூட்டிக் கிடக்கிற இலவச பிளான்டை விட ஓடுகிற மூன்று ரூபாய் பிளான்ட் அந்த வீடுகளுக்கு அதிகம் மிச்சப்படுத்தியது.

அடுத்தது நூறு நாள் வேலை. இதில் கூலி எவ்வளவு என்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எந்த மாதத்தில் வேலை கொடுக்கிறோம் என்பதும் அதே அளவுக்கு முக்கியம் என்பது என் அனுபவம். எங்கள் ஊரில் நெல்லும் மிளகாயும் முடிந்து ஏப்ரலுக்குப் பிறகு கையில் வருமானம் கிடையாது, ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், நோட்டு, சீருடை தைக்கிற கூலி, செருப்பு என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். அப்போதுதான் வாரத் தவணைக் குழுக் கடனில் போய் விழுவார்கள், அப்புறம் வருடம் முழுக்க வட்டி. அதனால் ஊருணி தூர்வாருவதை மே, ஜூனில் வைக்கும்படி கிராம சபையில் முடிவெடுத்தோம். ஊருணி காய்ந்திருக்கிற நேரமும் அதுதான். கூலியும் கிடைத்தது, ஐப்பசி மழைக்குப் பிறகு நல்ல தண்ணீரும் நின்றது. வேலை கேட்டு எழுதிக் கொடுத்தால் தேதி போட்ட ரசீது தரவேண்டும், 15 நாளுக்குள் வேலை தரவேண்டும் என்று நூறு நாள் வேலைச் சட்டம் சொன்னது. அந்த ரசீதைக் கேட்டு வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கேட்டவரைப் பிரச்சினை பண்ணுகிறவர் என்று பார்த்த அலுவலர்களும் உண்டு, அது எனக்கு இன்றும் கோபம்தான்.

அப்புறம் அலைச்சல். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை மனு, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது என்று எதற்கும் கட்டணம் பெரிதில்லை. ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும், "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்றால் இன்னொரு நாளும் போகும். மே மாதத்தில் ஊராட்சி அலுவலகத்திலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்து, வி.ஏ.ஓ.வையும் ஒரு நாள் வந்து உட்காரச் சொன்னால் பாதி வீடுகளுக்கு அந்தச் செலவே இல்லை. இதற்குத் தனி நிதி எதுவும் வேண்டாம். கொஞ்சம் கேட்டு நச்சரிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆள்தான் ஊராட்சித் தலைவர். நல்லவரோ சுமாரானவரோ, காலையில் தண்ணீர் வரவில்லை என்றால் அவர் வீட்டு வாசலில் குடத்தோடு போய் நிற்கலாம். 2025 ஜனவரியில் எங்கள் மாவட்டத்திலும் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நடக்காமல், பொறுப்பு அரசு நியமித்த தனி அலுவலரிடம் போனது. ஒரே அதிகாரி தலையில் ஒன்றியத்தின் மொத்த ஊராட்சிகளும். அவரைக் குறை சொல்ல மாட்டேன், மனிதரால் முடிகிற வேலையில்லை அது. ஆனால் மோட்டார் எரிந்தால் ரிப்பேர் செலவுக்குக் கையெழுத்து வாங்க ஒன்றிய அலுவலகம் போகவேண்டும், அது கிடைக்கிற வரைக்கும் ஊர் டிராக்டர்காரருக்குத்தான் காசு கொடுக்கும். விலைவாசியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் ஊராட்சித் தேர்தல் எப்போது என்றும் சேர்த்துக் கேளுங்கள்.