கல்தச்சர் பாட்டாவோடு ஆதிச்சநல்லூருக்கு ஒரு நாள்

நேற்று இரவு பத்து மணிக்கு மயிலாடி வந்து சேர்ந்தோம். உடம்பு வலி இன்னும் போகவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். ஆதிச்சநல்லூருக்கு எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாகச் சொல்லத்தான் ஆசை. முடிகிறதா பார்ப்போம்.

எங்கள் ஊர் சிலை வடிக்கிற ஊர். பாட்டா ஐம்பது வருடம் உளி பிடித்தவர். அவருடைய அம்மா அவருக்குச் சொன்ன கதை ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் வயதானவர்களுக்குச் சாவே வராதாம். சுருங்கிச் சுருங்கிக் குழந்தை மாதிரி ஆகிவிடுவார்களாம். அப்போது சோறும் விளக்கும் வைத்து, தாழி என்கிற பெரிய மண்பானைக்குள் இறக்கிவிடுவார்களாம். முதுமக்கள் தாழி என்ற பெயருக்கு இந்தக் கதையைத்தான் தெற்கில் பல ஊர்களில் சொல்வார்கள். "அந்தத் தாழிய ஒருக்க பாத்துரணும் மக்களே" என்று பாட்டா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கத்தான் ஆதிச்சநல்லூர்.

நாகர்கோவில் வடசேரியில் திருநெல்வேலி பஸ் ஏறினோம். ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கி இறங்கவே இல்லை. ஆனி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். காற்றோடு சாரலும் சேர்ந்து பாட்டாவின் சட்டை தோள்வரை நனைந்துவிட்டது. நடத்துநரிடம் சொன்னால், "வேற சீட்டுல உக்காருங்க" என்கிறார். வேறு சீட்டு ஏது? எழுபத்தெட்டு வயது மனிதருக்குத் துண்டைப் போர்த்தி உட்கார வைத்தேன். கட்டணம் வாங்குகிறவர்கள் ஒரு ஷட்டரைச் சரி செய்து வைக்கக் கூடாதா?

திருநெல்வேலியில் இறங்கித் திருச்செந்தூர் பஸ். ஆதிச்சநல்லூரில் நிற்கும் என்று ஏற்றிக்கொண்டு, நிற்காமல் புதுக்குடியில் கொண்டுபோய் இறக்கினார்கள். மூன்று நான்கு கிலோமீட்டர் திரும்பி வர ஆட்டோவுக்கு நானூறு ரூபாய் கேட்டார். முந்நூற்றுக்கு இறங்கினார். எங்கள் இரண்டு பேருக்கும் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி வர அவ்வளவு ஆகவில்லை! தயவுசெய்து செய்துங்கநல்லூர், கருங்குளம் வழியாக எல்லா ஊரிலும் நிற்கிற டவுன் பஸ்ஸில் போங்கள்.

சரி, பறம்புக்கு, அதாவது தாழிகள் புதைந்த மேட்டுக்கு வருவோம். தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கர் மேடு. பார்த்தால் வெறும் சரளைக்கல்லும் முள்ளும்தான். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் இங்கே தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரியா தோண்டினார். தங்க நெற்றிப்பட்டங்கள், வெண்கலப் பாத்திரங்கள், இரும்புக் கருவிகள் என்று ஏராளமாகக் கிடைத்தன. அவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. 2004, 2005இல் மறுபடி தோண்டியபோது 150க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. இங்கே எடுத்த மாதிரிகளின் காலம் கி.மு. 10, 7ஆம் நூற்றாண்டுகள் என்று தெரியவந்தது.

2023இல் திறக்கப்பட்ட தள அருங்காட்சியகத்தில் கண்ணாடித் தரை போட்டிருக்கிறார்கள். கீழே குழி, குழிக்குள் தாழிகள் தோண்டியபோது இருந்தபடியே இருக்கின்றன. கண்ணாடியில் கால் வைக்க பாட்டா தயங்கினார். "ஆள் கெடக்க எடத்துல மிதிக்கப்பிடாது" என்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் வந்தார். அப்புறம் கால் மணி நேரம் ஒரே இடத்தில் குனிந்து நின்றார். நான் எட்டிப் பார்த்தேன். அவர் தாழியைப் பார்க்கவில்லை, குழியின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது மண்ணு இல்ல மக்களே, பாறைய வெட்டியிருக்கான்."

உண்மைதான். சரளைக்கு அடியில் பாறையைக் குடைந்து அதற்குள் தாழியை இறக்கியிருக்கிறார்கள். அடுத்த கேள்வி உடனே வந்தது: "இவ்வளவு வெட்டினவன் மேல ஒரு கல்லு வைக்கலியா?"

கல் வைத்தவர்களும் இருந்தார்கள், பாட்டா. மலைப்பக்கமும் வடக்கேயும் அவர்கள் வழி வேறு. நான்கு பலகைக்கல்லை மண்ணுக்குள் பெட்டி மாதிரி நிறுத்தி மேலே மூடுகல் போட்டால் கல்பதுக்கை. அதுவே தரைக்கு மேல் நின்றால் கல்திட்டை. சுற்றிலும் உருண்டைக் கற்களை அடுக்கினால் கல்வட்டம். ஆள் உயரத்துக்கு மேல் ஒற்றைக் கல் நட்டால் நெடுங்கல். குன்னங்குளம் பக்கம் சேரமானங்காட்டில் குடை மாதிரியே கல் செதுக்கி வைத்திருக்கிறார்கள், அது குடைக்கல். தாழியை மலையாளத்தில் நன்னங்காடி என்பார்கள். சுடுவது, வெளியில் இடுவது, குழியில் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் அடைப்பது, தாழியில் கவிப்பது என்று ஐந்து வழிகளை மணிமேகலையே சொல்கிறது.

பதுக்கையின் பலகைகள் உள்ளே சாயாதபடி, ஒவ்வொன்றின் நுனியும் அடுத்ததற்கு முட்டுக் கொடுக்க, சுழல்போல நிறுத்துவார்கள் என்று தரையில் கோடு போட்டுக் காட்டினேன். பாட்டாவின் முகம் மலர்ந்துவிட்டது. "சாந்து வேண்டாம், ஒண்ணுக்கொண்ணு தாங்கிக்கிடும்!" பல பதுக்கைகளில் ஒரு பலகையில் வட்டமாக இடுதுளை இருக்கும் என்றேன். கல் விரிசல் விடாமல் அந்தத் துளையைப் போட எத்தனை நாள் ஆகும் என்று அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். நான் எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன். ஒரு துளைக்குப் பின்னால் ஒரு மனிதனின் நாட்கள் இருக்கின்றன என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

கருப்பு சிவப்புப் பானை பற்றியும் சொல்ல வேண்டும். கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கருப்பு, காற்றுப் பட்ட அடிப்பகுதி சிவப்பு. நம் ஊரில் கடைக்கால் தோண்டும்போது இப்படி இருநிற ஓடு வந்தால் மண்ணோடு அள்ளிக் கொட்டாதீர்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் சொல்லுங்கள்.

சாப்பாடு! செய்துங்கநல்லூரில் ஒரு சின்ன மெஸ். சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குப் பொரியல். தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்புமாக அந்தச் சொதி நாக்கில் இன்னும் நிற்கிறது. இலை நூற்றிருபது ரூபாய். மூன்று முறை ஊற்றினார்கள். தீயல் இல்லாமல் சோறு இறங்காத பாட்டா, "நல்லாருக்கு கேட்டியா" என்றார். ஆட்டோவில் போன வயிற்றெரிச்சல் அங்கேதான் தணிந்தது.

பக்கத்துச் சிவகளைக்கும் போக நினைத்தேன். அங்கே தாழியில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நேரமும் இல்லை, பையில் காசும் இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஆயிரத்து ஐம்பது ரூபாய் ஆகியிருந்தது.

திரும்பும்போது ஷட்டர் இறங்குகிற பஸ் கிடைத்தது. பாட்டா தூங்குவார் என்று நினைத்தேன். வள்ளியூர் தாண்டியதும், "அந்தக் கல்லு வீடு எங்க இருக்குன்னு சொன்ன?" என்றார். கல்திட்டையைத்தான் கேட்கிறார். மூணாறு தாண்டி மறையூரில் இருக்கிறது, அங்கே முனியறை என்பார்கள், குளிரும், செலவும் அதிகம் என்றேன்.

காலையில் எழுந்து பார்த்தால், கம்பளியை எடுத்துக் கொடியில் காயப் போட்டிருக்கிறார்.