மார்க்கர் லைட் மாற்றும்போது சுவரின் ஓட்டையைக் கவனியுங்கள்

மோட்டார்ஹோமின் (தங்கும் வசதியுள்ள வீட்டு வண்டி) மேல் விளிம்பில், அதன் அளவை இருட்டில் காட்டும் சிறு விளக்குதான் மார்க்கர் லைட். அது ஒவ்வொன்றின் பின்னாலும் சுவரில் ஓட்டை உண்டு: ஒயருக்கு ஒன்று, ஸ்க்ரூவுக்கு இரண்டு. அவற்றின் வழியே மழைநீர் இறங்கினால் உள்ளே மரச்சட்டம் இற்றுவிடும். லைட் மாற்றுவது பாதிக்கு மேல் சீல் பண்ணும் வேலைதான்.

முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள். எல்லா லைட்டும் ஒன்றாக அணைந்திருந்தால் ஃபியூஸில் தொடங்குங்கள். ஒன்று மட்டும் என்றால் பல்பு, ஹோல்டர் அல்லது எர்த் (மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு). மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டுகிறதே என்று ஏமாறக் கூடாது. களிம்பேறிய ஒயரில் ஓர் இழை மிஞ்சியிருந்தாலே, லோடு இல்லாதபோது (பல்பு எரியாதபோது) மீட்டர் முழு வோல்ட்டையும் காட்டும். பழைய இழை பல்பு ஒன்றை மாட்டிப் பாருங்கள். மங்கலாக எரிந்தால், எரியும்போதே அதன் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் பாதையில்தான் கோளாறு.

புதிய லைட்டின் அடித்தட்டு பழையதைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பது நல்லது. பழைய கறையும் ஓட்டைகளும் மறையும். அமெரிக்க வண்டிகளில் முன்பக்கம் அம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்), பின்பக்கம் சிவப்பு. பல்பை மட்டும் எல்.இ.டி.யாக மாற்றுவதானால் லென்ஸின் நிறத்திலேயே வாங்குங்கள். சிவப்பு லென்ஸுக்குள் வெள்ளை எல்.இ.டி. வெளிறித் தெரியும். எரியவில்லையா? திருப்பி மாட்டிப் பாருங்கள், பிளஸ் மைனஸ் மாறியிருக்கலாம்.

ஃபியூஸை உருவிவிட்டு, பழைய சீலண்டை (இடுக்கை அடைக்கும் பசை) ஹேர் டிரையரால் இளக்கி, பிளாஸ்டிக் தகட்டால் கிளப்புங்கள். இரும்புக் கத்தி பெயிண்டைக் கீறிவிடும். ஒயரை வெட்டுமுன் கிளிப் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். சுவருக்குள் நழுவிவிட்டால் மீட்பது பெரும்பாடு.

இப்போது ஓட்டையை மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மரம் பொதபொதவென்று இறங்கினால் புது லைட்டைப் பொருத்தாதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, நன்றாகக் காயவிட்டு, மரத்தைச் சரிசெய்யுங்கள். மரம் திடமாக இருந்து ஓட்டை மட்டும் தளர்ந்திருந்தால், எபாக்ஸி பசை தடவிய, பல் குத்தும் குச்சிகளைச் செருகி, காய்ந்ததும் மறுபடி துளையிடலாம். நீளமான ஸ்க்ரூவால் சமாளிக்கப் பார்த்தால் பின்னால் ஓடும் ஒயரையே துளைத்துவிடும்.

செம்பு பளபளவென்று தெரியும்வரை ஒயரை வெட்டி, ஹீட் ஷ்ரிங்க் உறையுள்ள (சூடாக்கினால் சுருங்கி இறுகும்) கிரிம்ப் கனெக்டர் (நசுக்கி ஒயர்களை இணைக்கும் குழாய்) போடுங்கள். முறுக்கி டேப் சுற்றினால் வெயிலில் பசை இளகிப் பிரிந்துவிடும்.

சீலுக்கு பியூட்டைல் டேப் (காயாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும் ரப்பர் நாடா). சுவரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அடித்தட்டின் விளிம்பிலும் ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுற்றியும் ஒட்டி, ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூக்களைக் கையால் மாறி மாறி இறுக்குங்கள். டிரில் வைத்து முடுக்கினால் தட்டு விரிசல் விடும். பியூட்டைல் மெதுவாகப் பிதுங்கும். மறுநாள் மீண்டும் சிறிது இறுக்கி, பிதுங்கியதை நறுக்குங்கள்.

அதன்மேல் வெளிச்சுவர் சீலண்டை மேல்விளிம்பிலும் இரு பக்கங்களிலும் மட்டும் பூசுங்கள். கீழ்விளிம்பைத் திறந்தே விடுங்கள், உள்ளே புகுந்த நீர் வடிய வழி வேண்டும். சிலிக்கான் வேண்டாம்: அது ஒட்டிய இடத்தில் பிறகு வேறெதுவும் பிடிக்காது, வினிகர் வாடை அடிக்கும் வகை செம்பையும் அரிக்கும். லென்ஸை மாட்டும்போது அதன் வடிகால் துளை கீழ்நோக்கி இருக்கட்டும்.