அரூர் பக்கம் ஒரு இளைஞர் மையம்: சங்கப் பதிவு வாங்கிய அனுபவம்

எங்கள் மையத்தின் பதிவுச் சான்றிதழ் போன வாரம்தான் கைக்கு வந்தது. சந்தோஷம்தான், ஆனால் அது வருவதற்குள் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை. இதே வேலையில் இறங்க நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் திட்டம் பெரியதெல்லாம் இல்லை. சாயங்காலம் பிள்ளைகள் வந்து படிக்க ஒரு இடம், வாரக் கடைசியில் சமூக நீதி வகுப்பு, ஊர்ப் பிரச்சினைக்கு மனு எழுதவும் கிராம சபையில் எழுந்து பேசவும் இளைஞர்களைப் பழக்குவது, அவ்வளவுதான். 1975ஆம் வருஷத்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் 7 பேர் இருந்தால் போதும், சங்கமாகப் பதிவு செய்யலாம். அறக்கட்டளையாகப் போட்டுவிட்டால் சீக்கிரம் முடியும் என்று பலர் சொன்னார்கள். உண்மைதான், ஆனால் அதில் எல்லாமே அறங்காவலர்கள் கையில் இருக்கும். சங்கம் என்றால் வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, கணக்கைப் படித்துக் காட்ட வேண்டும், 18 வயது தாண்டிய இளைஞர்கள் உறுப்பினராகி ஓட்டுப் போட்டு நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கலாம். அதனால் சங்கம்தான் என்று உறுதியாக இருந்தோம்.

இடம் கிடைப்பதுதான் பெரிய பாடு. ஒரு வீடு பேசி, வாடகை ஒத்துக்கொண்டு, அட்வான்ஸ் கொடுக்கப் போன அன்றைக்கு ஓனர் "யார் யாரெல்லாம் வருவாங்க?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அம்பேத்கர் படம் மாட்டுவோம் என்று சொன்னதும் தடையில்லாச் சான்றில் கையெழுத்துப் போடாமல் நாளைக்கு, நாளான்னைக்கு என்று இழுத்தார், அப்புறம் போனையே எடுக்கவில்லை. அந்த முகவரியை வைத்து அடித்திருந்த பைலா (சங்கத்தின் விதிமுறைகள்), தீர்மானம், விண்ணப்பம் எல்லாவற்றையும் திரும்ப டைப் அடித்து, 7 பேரிடமும் திரும்பக் கையெழுத்து வாங்க வேண்டியதாகிவிட்டது. கடைசியில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் தன் வீட்டு முன்பக்கத்தைக் கொடுத்தார். வீட்டு வரி ரசீது, கரண்ட் பில் நகல், சம்மதக் கடிதம் மூன்றும் அன்றைக்கே கையில் வந்தது. அந்த அம்மாவை நாங்கள் மறக்கவே மாட்டோம்.

பெயர் விஷயத்தில் ரொம்பக் கவனமாக இருங்கள். எங்களில் ஒரு தம்பி ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான், ஷிப்ட் வேலை. ஆதாரில் முன்னெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கிறது, பைலாவில் முன்னால் இருக்கிறது என்று சொல்லிப் பதிவு அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். அவன் ஒரு கையெழுத்துக்காக லீவு போட்டு வந்தால் அன்றைய சம்பளம் போச்சு. எல்லாருடைய ஆதாரையும் வரிசையாக வைத்து, அதில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் அப்படியே டைப் அடியுங்கள்.

ஆனால் எனக்கு ஆத்திரம் வந்தது இதிலெல்லாம் இல்லை, பைலாவில் இருக்கிற நோக்கங்கள் பகுதியில்தான். அதைப் படித்துப் பார்த்த பதிவு அலுவலக கிளார்க், "இது கட்சி வேலை மாதிரி இருக்குதுங்க. நூலகம், விளையாட்டுன்னு மட்டும் போட்டு எடுத்துக்கிட்டு வாங்க, உடனே முடிச்சுத் தரேன்" என்றார். முதலில் பதிவை வாங்கிக்கொள்வோம், வகுப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எங்களுக்குள்ளேயே சிலர் சொன்னார்கள். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அரூருக்குப் பக்கத்தில், சித்தேரி மலை அடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20ஆம் தேதி சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி கிராமத்துக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 அரசு ஊழியர்கள் மேல் நடந்த வழக்கில், உயிரோடு இருந்த 215 பேருக்கு தருமபுரி நீதிமன்றம் 2011இல் தண்டனை கொடுத்தது, உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பரில் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்கள் விடாமல் நின்று ஜெயித்த கதை, பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிற எங்கள் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லிக் கொடுக்காமல் கேரம் போர்டு மட்டும் வாங்கிப் போடவா மையம் ஆரம்பித்தோம்?

தெரிந்த வக்கீல் அக்கா ஒருவர் சட்டத்தையே எடுத்துக் காட்டினார். எந்த நோக்கத்துக்காக எல்லாம் சங்கம் பதிவு செய்யலாம் என்று 3ஆவது பிரிவு சொல்கிறது. கல்வி, சமூக சீர்திருத்தம், சமூக சேவை எல்லாம் அதிலேயே இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, எங்கள் நோக்கங்களில் எந்த வரி எந்தப் பிரிவுக்கு முரணாக இருக்கிறது என்று எழுத்தில் தெரிவிக்கும்படி ஒரு கடிதம் எழுதினோம். நேரில் கொடுத்தபோது நகலில் சீல் போட மறுத்தார்கள், நேராக தபால் ஆபீஸ் போய் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தினோம். கூடவே 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. எங்கள் விண்ணப்பம் எந்தத் தேதியில் வந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள், இந்த மூன்று கேள்விதான். 30 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

பதில் வரவில்லை, அதற்கு முன்னாலேயே போன் வந்துவிட்டது, "ஒரிஜினல் எடுத்துக்கிட்டு வாங்க" என்று. நோக்கங்களில் ஒரு வரிகூட மாறாமல் பதிவானது! அன்றைக்கு நாங்கள் எல்லாரும் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நின்று சிரித்த சிரிப்பு எனக்கு ரொம்ப நாளைக்குப் போதும். வாசலில் நிற்கிற புரோக்கரிடம் ஒரு பைசா கொடுக்கவில்லை, நீங்களும் கொடுக்காதீர்கள்.

பான் கார்டு, பேங்க் அக்கவுண்ட் எல்லாம் தடங்கல் இல்லாமல் முடிந்தது. ஆனால் பதிவு வாங்கியதோடு விட்டுவிடாதீர்கள், நிதியாண்டு முடிந்து 6 மாதத்துக்குள் பொதுக்குழு கூட்டி கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

எங்கள் பைலா மாதிரி வேண்டுமென்றால் கேளுங்கள், பெயர் முகவரி எடுத்துவிட்டு அனுப்புகிறேன். நோக்கங்கள் பகுதியை மட்டும் அப்படியே எடுத்துப் போடாமல், உங்கள் ஊருக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி எழுதுங்கள்.