வேகத்தைக் குறைக்கிற வேலை

ஜூன் 7, 2025, சனி

பழைய ஹார்ட் டிஸ்கில் கிடந்த, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்து விளையாட்டுகளை லேப்டாப்பில் ஏற்றினேன். நேரடியாகக் கிளிக் செய்தால் ஒன்றுகூட ஓடாது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் புரோகிராமுக்கு இடமே இல்லை. பிராசஸர் 64 பிட் நிலைக்குப் போய்விட்டால், டாஸ் புரோகிராம்களைத் தாங்கிக்கொண்டிருந்த, 8086 என்ற பழைய சிப்பைப் போல நடிக்கும் வசதி அதில் கிடைக்காது.

அதற்குத்தான் டாஸ்பாக்ஸ். 2002-லிருந்து இருக்கிற இலவச எமுலேட்டர். பிராசஸர், படத்துக்கு விஜிஏ கார்டு, ஒலிக்கு சவுண்ட் பிளாஸ்டர் கார்டு என்று ஒரு பழைய பிசி முழுவதையும் மென்பொருளிலேயே உருவாக்கிவிடும். ஃபோல்டரை சி டிரைவாக மௌண்ட் செய்தால் போதும். முதலில் டூம் (1993). சவுண்ட் கார்டு எந்த போர்ட், எந்த ஐஆர்க்யூ, எந்த டிஎம்ஏ என்று, அதாவது கார்டும் பிசியும் பேசிக்கொள்கிற வழிகளின் எண்களை, அதன் செட்டப் கேட்டது. டாஸ்பாக்ஸில் 220, 7, 1.

"மாமா, இதையெல்லாம் கேம் ஆடுறவங்களா சொல்லணும்?" என்றான் அக்கா பையன். ஆமாம்டா, சொல்லாவிட்டால் அன்றைக்கெல்லாம் ஊமைப்படம்தான்.

ஜூன் 8, ஞாயிறு

டாஸ்பாக்ஸில் முக்கியமான விஷயம் சைக்கிள்ஸ். ஒரு மில்லி செகண்டுக்கு எத்தனை கட்டளைகளை ஓட்டுவது என்ற கணக்கு. பையன் அதை 'மேக்ஸ்' என்று மாற்றிவிட்டான். டூம் அசரவில்லை. செகண்டுக்கு 35 முறை என்று அதற்குள் சொந்தமாக ஒரு தாளம் இருக்கிறது. மெஷின் எவ்வளவு பறந்தாலும் அதைத் தாண்டாது.

அதே செட்டிங்கில் விங் கமாண்டரைப் (1990) போட்டோம். விண்வெளிச் சண்டை தொடங்கியதுமே முடிந்துவிட்டது! எதிரி எங்கிருந்து வந்தான், எப்போது சுட்டான், ஒன்றும் தெரியவில்லை. அந்தக் காலத்து மெஷின் திணறித் திணறி வரைகிற வேகமே சரியான வேகம் என்று எழுதப்பட்ட விளையாட்டு அது. பிரேக் என்று எதுவும் வைக்கவில்லை. கண்ட்ரோலோடு எஃப் 11-ஐத் தட்டித் தட்டி சைக்கிள்ஸைச் சில ஆயிரத்துக்கு இறக்கிய பிறகுதான் கப்பலைக் குறிபார்க்க முடிந்தது.

"எல்லாரும் ஸ்பீடைக் கூட்டத்தானே பார்ப்பாங்க?" என்று கேட்டான். பழைய கேபினெட்டில் இருந்த டர்போ பட்டனைப் பற்றிச் சொன்னேன். பெயரைப் பார்த்து, அது வேகத்தைக் கூட்டுவதற்கு என்றே பலர் நினைத்தார்கள். உண்மையில் அதன் உபயோகம், பழைய புரோகிராம்களுக்காக மெஷினை மெதுவாக்குவது.

டர்போ பாஸ்கல் என்ற புரோகிராம் மொழியில் எழுதியவற்றுக்கு இன்னும் மோசமான கதி. அதோடு வரும் சிஆர்டி யூனிட் என்ற துணைத் தொகுப்பு, தொடங்கும்போதே 55 மில்லி செகண்டில் எத்தனை சுற்று ஓடுகிறது என்று எண்ணி 55-ஆல் வகுக்கும். மெஷின் மிக வேகமாக இருந்தால் விடை 16 பிட் எண்ணுக்குள் அடங்காது. 'ரன்டைம் எரர் 200', அவ்வளவுதான். எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்கள் புரோகிராம் இத்தனை வருஷம் உயிரோடு இருக்கும் என்று அவர்கள் எங்கே கண்டார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

படம் சப்பையாகத் தெரிகிறது. 320-க்கு 200 புள்ளிகள். பழைய மானிட்டர் அதை 4:3 திரை முழுக்க இழுத்துக் காட்டும், அதனால் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரம். ஓவியர்களும் அதைக் கணக்கில் வைத்தே வரைந்தார்கள். டாஸ்பாக்ஸின் செட்டிங் ஃபைலில் 'ஆஸ்பெக்ட்' வரியை 'ட்ரூ' ஆக்கி, அவுட்புட்டை ஓபன்ஜிஎல் என்று மாற்றினேன். சரியாகிவிட்டது.

ஜூன் 14, சனி

இன்று பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. இதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பி ஓடுவதையும் குதிப்பதையும் 1985-ல் வீடியோ எடுத்து, அதைப் பார்த்து ஒவ்வொரு அசைவாக வரைந்தது. அதனால்தான் இளவரசன் ஓடி நிற்கும்போது ஓரடி சறுக்குகிறான். இப்போதைய விளையாட்டுகளில்கூட அந்த எடையை நான் அதிகம் பார்க்கவில்லை.

ஆரம்பத்திலேயே மருந்துக் குப்பிகள் நிறைந்த அறை ஒன்று வரும். கையேட்டின் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல்லின் முதல் எழுத்து எதுவோ, அந்தக் குப்பியைக் குடிக்க வேண்டும். திருட்டுப் பிரதியைத் தடுக்க வைத்த பூட்டு. எமுலேட்டருக்கு அதைப் பற்றி என்ன கவலை, அப்படியே கேட்கிறது. நல்லவேளை, கையேட்டின் ஸ்கேன் இருந்தது.

பையன் மூன்றாம் கட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறான். மொத்தமே 60 நிமிடம்தான் என்று தெரிந்ததும் கொஞ்சம் கோபம். டாஸ் பிராம்ப்ட்டில் 'பிரின்ஸ்' பக்கத்தில் 'மெகாஹிட்' என்று சேர்த்துத் தட்டினால் கட்டம் விட்டுக் கட்டம் தாவலாம். இப்போதைக்கு அவனிடம் சொல்வதாக இல்லை.