மார்கழிக் கோலமும் அம்மாவின் சுகரும்

20 டிசம்பர் 2024, வெள்ளி

விடிகாலை வாசலில் தொம்முனு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தா அம்மா கீழே கிடக்காங்க, கோலமாவு தெருவெல்லாம். முழங்கையில் சிராய்ப்பு, நல்லவேளை அவ்வளவுதான். "தெளிச்ச ஈரம் வழுக்கிருச்சுத்தா"ன்னாங்க. எதிர்வீட்டு அத்தை, "போன வாரமும் தலை சுத்தித் திண்ணையப் பிடிச்சுக்கிட்டுல நின்னாக"ன்னு போட்டுக்கொடுத்துட்டாங்க. அம்மா முறைச்ச முறைப்பு இருக்கே! வெளிய தெரிஞ்சா கோயிலுக்குத் தனியா விடமாட்டோம்னு பயம்.

71 வயசு. சுகர் வந்து இருபது வருஷம் இருக்கும். "சுகர் எவ்வளவு?"ன்னு எங்க மதுரை செல்லூரில் கேக்காத ஆளில்லை. "விழுந்தீங்களா?"ன்னு யாரும் கேட்டதில்லை.

23 டிசம்பர், திங்கள்

டாக்டர் அம்மாவைப் படுக்க வச்சு பிரஷர் பார்த்தார், 146. எழுந்து நிக்கச் சொல்லி மறுபடி பார்த்தார், 120. நின்ன மூணு நிமிஷத்துக்குள்ள மேல் அளவு 20 இறங்கினாலே கவனிக்கணுமாம். நாம எழுந்திரிச்சதும் ரத்தம் காலுக்கு இறங்கும், நரம்புகள்தான் ரத்தக்குழாயைச் சுருக்கி மேலே ஏத்தணும். நாள்பட்ட சுகர் அந்த நரம்பையும் கெடுத்துடுது. வெறும் வயித்தில் குனிஞ்சு கோலம் போட்டுட்டு விருட்டுனு நிமிர்ந்தா வேற என்ன ஆகும்?

அப்புறம் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிசா ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்க அழுத்தினார். பத்து கிராம் அழுத்தம். "இன்னும் தொடலையா தம்பி?"ன்னு அம்மா கேட்டப்ப அவர் நாலு இடம் தொட்டு முடிச்சிருந்தார். காலுக்கடியில் தரை எப்படி இருக்குன்னு தெரியாத ஆள் கண்ணை நம்பித்தான் நிக்கணும். மார்கழி இருட்டில் அந்தக் கண்ணும் உதவாது.

கடைசியா நாற்காலியிலிருந்து எழுந்து மூணு மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரணும். 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆனா விழுற ஆபத்து கூடுதல். அம்மாவுக்கு 17. "மெதுவா நடந்தாத்தானே மரியாதை"ங்கிறாங்க!

28 டிசம்பர், சனி

ரத்தத்தில் சுகரோட மூணு மாச சராசரி (HbA1c) 6.4 சதவீதம். வீட்டில் எல்லாருக்கும் பெருமை. டாக்டர் முகம் மட்டும் சுருங்குச்சு. இந்த வயசில், கூடவே நரம்புத் தொந்தரவு, பிரஷர்னு இருக்கிறவங்களுக்கு 8-க்குள்ள இருந்தா போதுமாம். இவ்வளவு இழுத்துப் பிடிச்சா தாழ்சுகர் வந்து மயங்கி விழுவாங்க. சுகரை இறக்குற கிளிமிபிரைடு மாத்திரையைப் பாதியாக் குறைச்சார். இன்னொரு சுகர் மாத்திரை மெட்ஃபார்மின், அதை வருஷக்கணக்கில் சாப்பிட்டா வைட்டமின் பி12 குறையலாம், குறைஞ்சா நரம்பு இன்னும் கெடும்னு அதையும் பார்க்கச் சொல்லியிருந்தார். குறைவுதான். ஊசி ஆரம்பிச்சாச்சு.

எலும்பு ஸ்கேன் நல்லா இருக்குன்னு நான் சந்தோஷப்பட்டதுக்கு, "சுகர்காரங்களுக்கு அதை மட்டும் நம்பாதீங்க, அடர்த்தி இருந்தும் உடையும்"னுட்டார்.

3 ஜனவரி 2025, வெள்ளி

கொத்தனார் வந்து பாத்ரூமில் பிடிகம்பி பதிச்சுட்டார். ராத்திரி ரெண்டு மூணு தடவை எந்திரிக்கிறாங்கன்னு வழியில் குட்டி விளக்கு.

சண்டையெல்லாம் செருப்புக்குத்தான். உணர்ச்சியில்லாத காலோட வெறுங்காலில் நடக்கக் கூடாது. "வீட்டுக்குள்ள செருப்பா? லட்சுமி தங்குவாளா?" ஒரு நாள் முழுக்கப் பேச்சுவார்த்தை. எம்சிஆர் செருப்பு (மெத்துனு இருக்கிற ரப்பர்), பின்வார் வச்சது, வாசல்படி தாண்டாது, சாமி ரூமில் கழட்டிடலாம். ஒப்பந்தம் ஆச்சு.

கோலம் இப்ப விடிஞ்ச பிறகு. நான் புள்ளி வைக்கிறேன், அம்மா நாற்காலியில் உட்கார்ந்து வரிசை கோணுதுன்னு திட்டுறாங்க. நடுவில் கை ஊனாம எழுந்து உட்கார்ற பயிற்சியும் நடக்குது.

9 ஜனவரி, வியாழன்

நாளைக்கு வைகுண்ட ஏகாதசி. விரதம் இருந்தே தீருவாங்களாம். டாக்டருக்குப் போன் போட்டேன். பட்டினி நாளில் கிளிமிபிரைடு வேண்டாம், பாலும் பழமும் கட்டாயம்னார். சுகர் பார்க்கிற மிஷினில் 70-க்குக் கீழே காட்டினா மூணு டீஸ்பூன் சர்க்கரையைக் கரைச்சுக் குடிச்சு, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பார்க்கணும்.

"விரதத்துல சர்க்கரைத் தண்ணியா?"

"தீர்த்தம்னு நெனச்சுக்கங்கம்மா."

சொர்க்கவாசல் நெரிசலுக்கு மட்டும் நான் மசியலை. விடிகாலை டிவியில் ஸ்ரீரங்கம், சாயந்திரம் கூட்டம் குறைஞ்ச பிறகு கூடலழகர். எதிர்வீட்டு அத்தையும் கூட வர்றாங்க. அவங்களுக்கும் சுகர்தான். கிளம்புறதுக்கு முன்னாடி அவங்களையும் நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கவிட்டு செகண்டு பார்க்கணும்.