செத்த முகவரி ரெஜிஸ்ட்ரியில் எவ்வளவு நேரம் கிடக்கும்?

சேர்விஸ் ரெஜிஸ்ட்ரி (எந்தச் சேவை எந்த முகவரியில் ஓடுகிறது என்று வைத்திருக்கும் பட்டியல்) என்றதும் பதிவு செய்வதையும் தேடுவதையும்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். கஷ்டமான பகுதி, நின்றுபோன சேவையின் முகவரியை நீக்குவது.

2000இல் மைக்ரோசொப்ட், ஐபிஎம், அரிபா மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த யூடிடிஐ என்ற ரெஜிஸ்ட்ரி முறையில் நிறுவனம், சேவை, முகவரி, பேசும் முறை என நான்கு வகைத் தகவல் இருந்தது. எழுதிய பதிவு யாராவது கைவைக்கும்வரை அப்படியே கிடக்கும். அதன் பொது ரெஜிஸ்ட்ரி 2006 ஜனவரியில் மூடப்பட்டது. கொழும்பில் பலருக்குப் பழக்கமான டபிள்யூஎஸ்ஓ2 கவர்னன்ஸ் ரெஜிஸ்ட்ரி டபிள்யூஎஸ்டிஎல் (சேவையை விவரிக்கும் கோப்பு), ஸ்கீமா (தரவின் வடிவம்), அவற்றின் பதிப்புகளைக் காக்க அருமையான இடம். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஸ்டன்ஸ்களின் (ஒரே சேவையின் தனித்தனிப் பிரதிகளின்) முகவரிகளை அங்கே வைக்காதீர்கள்.

அவற்றுக்கு யூரேக்கா போன்ற, உயிரோடு இருப்பவற்றைக் கண்காணிக்கும் ரெஜிஸ்ட்ரி வேண்டும். ஒவ்வொரு இன்ஸ்டன்ஸும் 30 செக்கனுக்கு ஒருமுறை ஹார்ட்பீட் (உயிரோடு இருக்கிறேன் என்ற செய்தி) அனுப்பும். 90 செக்கன் வராவிட்டால் காலாவதி. ஆனால் யூரேக்காவின் நிரலைத் திறந்து பாருங்கள்: ஹார்ட்பீட் வந்து பதிவைப் புதுப்பிக்கும்போது ஒரு 90ஐக் கூட்டிச் சேமிக்கிறது, சோதிக்கும்போது இன்னொரு 90ஐக் கூட்டுகிறது. ஆக 180. இது பிழைதான், பாவனையில் இருப்பவர்களைப் பாதிக்கும் என்பதால் திருத்தமாட்டோம் என்று அந்த இடத்திலேயே குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். நீக்கும் வேலை 60 செக்கனுக்கு ஒருமுறை ஓடும். இதோடு முகவரிகளின் தற்காலிக நகல்களான கேஷ்களும் பழசாகவே இருக்கும்: சேர்வரின் கேஷ் 30, கிளையண்டின் கேஷ் 30, கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் ஸ்பிரிங் கிளவுட் லோட்பேலன்ஸரின் கேஷ் 35. மோசமான நேரத்தில் மொத்தம் 335 செக்கன். ஐந்தரை நிமிடத்துக்கு மேல் கோரிக்கைகள் செத்த முகவரிக்குப் போகும்.

அதனால் புதிய பதிப்பை டிப்ளோய் செய்யும்போது, பழையதை உடனே கொல்லும் கில் மைனஸ் 9 கட்டளை வேண்டாம். முதலில் பதிவை நீக்குங்கள், மூன்று கேஷ்களும் காலியாக 95 செக்கன் காத்திருங்கள், பிறகு நிறுத்துங்கள். சேவைகளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டீஸில் நிறுத்த அவகாசம் இயல்பாக 30 செக்கன்தான். அதை 120 ஆக்காவிட்டால் காத்திருப்பு நடுவிலேயே வெட்டுப்படும். இன்ஸ்டன்ஸ் திடீரென்று செத்தால் ரீட்ரை (கோரிக்கையை மீண்டும் அனுப்புவது) ஒரு வழி. ஆனால் பணம் அனுப்பும் கோரிக்கையை கண்ணை மூடிக்கொண்டு ரீட்ரை செய்தால் இரண்டு தடவை கழியும். கோரிக்கைக்குத் தனி இலக்கம் கொடுத்து, அதைப் பெறும் பக்கத்தில் சரிபார்க்க வேண்டும்.

சிறிய சூழலில் இன்னொரு சிக்கல். நான்கு இன்ஸ்டன்ஸ் என்றால் நிமிடத்துக்கு 8 ஹார்ட்பீட் வரவேண்டும். அதன் 85 வீதம்தான் வரம்பு. அது 6.8, யூரேக்கா அதை 6 ஆக்கிக்கொள்ளும். ஒன்று செத்தால் வருவது சரியாக 6. வரம்பைத் தாண்டினால்தான் நீக்கும், தாண்டவில்லை. எதையும் நீக்காமல் வைத்திருக்கும் சுயபாதுகாப்பு நிலை தொடங்கி, செத்த முகவரி அப்படியே நிற்கும். டெஸ்ட் சூழலில் இதை நிறுத்திவிடலாம். புரொடக்‌ஷனில் தொடாதீர்கள்: சேவைகள் கொழும்பிலும் ரெஜிஸ்ட்ரி சிங்கப்பூர் கிளவுடிலும் இருந்து இடையில் இணைப்பு அறுந்தால், உயிரோடிருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிடாமல் காப்பது அதுதான்.

கொன்சுல் என்ற இன்னொரு ரெஜிஸ்ட்ரி பெரும்பான்மை வாக்கில் ஓடுவது: அதன் சேர்வர்களில் பாதிக்கு மேல் உயிரோடு இருந்தால்தான் பதிய முடியும். மூன்று சேர்வர்களை இரண்டு கட்டடங்களில் 2+1 என வைத்தால், இரண்டு இருக்கும் கட்டடத்தில் மின்சாரம் போனதும் மிஞ்சிய ஒன்றால் எதையும் பதிய முடியாது. மூன்றாவதுக்கு மூன்றாவது இடம் தேடுங்கள்.